நால்வரும் ஓர் அறையும்

முதல் ஸ்வரம் பிறப்பதற்கு அரை விநாடி முன்னால், முதல் வயலின்காரர் மூக்கின் வழியே சுருக்கென்று ஒரு மூச்சை இழுக்கிறார். மேல்நாட்டு நால்வர் குழுவில் எதிரே நின்று கோல் வீசும் நடத்துநர் கிடையாது. கையால் தாளம் போட்டுக் காட்டலாமென்றால் இரண்டு கைகளும் வாத்தியத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த மூச்சே எடுப்பு, அதன் நீளமே காலப்பிரமாணம், அதன் வேகத்தைக் கொண்டே மற்ற மூவரும் எந்தக் கணத்தில் தந்தியின்மேல் வில்லை இறக்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளில் இந்த மூச்சு ஊசியின் இரைச்சலில் கரைந்துபோயிற்று. இன்றைய நுட்பமான பதிவு ஒன்றை, இரவு பத்து மணிக்குமேல், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால், அது நம் காதருகே இழுத்த மூச்சாகவே கேட்கிறது. சற்றுக் கூர்ந்து கவனித்தால், அந்த மூச்சு எப்படிப்பட்ட கூடத்தில் இழுக்கப்பட்டது, கூரை எவ்வளவு உயரம், சுவர் மரமா கல்லா என்பதுகூட ஒருவாறு புலப்படுகிறது.

இத்தகைய பதிவுகளுக்கு ஹை-ரெசல்யூஷன் ஒலிப்பதிவு என்று பெயர். விளம்பரக்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லும்போது 24, 96, 192 என்ற எண்களை மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஊறியவர்களின் பேச்சைக் கவனித்தால், அவர்கள் எண்களைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், நாற்காலியின் கிறீச்சொலியைப் பற்றியும், கூரையின் உயரத்தைப் பற்றியும், மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்ததால் நேர்ந்த வித்தியாசத்தைப் பற்றியும் சொல்வதே மிகுதி என்பது தெரியவரும். எண்களுக்கு உரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை மலிவாகக் கிடைக்கத் தொடங்கி வெகு நாளாயிற்று. நல்ல அறையும் நல்ல காதும் அன்று எவ்வளவு அருமையோ இன்றும் அவ்வளவு அருமை.

மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தில் ‘சேம்பர் மியூசிக்’ என்று வழங்கும் அறை இசை, பெயருக்கேற்ப, அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் இருந்த அறைகளில், சிலர் அருகிலிருந்து கேட்பதற்காகவும், அதைவிட அதிகமாக, வாசிப்பவர்கள் தங்கள் சொந்த ஆனந்தத்துக்காகவே வாசித்துக்கொள்வதற்காகவும் வளர்ந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் கூட்டமே அதன் சிகரம். ஹைடன் இந்த அமைப்புக்கு 68 படைப்புகள் எழுதினார். மோஸார்ட் தாம் இயற்றிய ஆறினை 1785-ஆம் ஆண்டில் அந்த ஹைடனுக்கே சமர்ப்பணம் செய்து வெளியிட்டார். பீத்தோவன் 16 எழுதி, அவற்றில் கடைசிச் சிலவற்றைக் காது முற்றிலும் செவிடான பிறகு எழுதினார். எண்பது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒருவருடைய வில் சற்றே வழுக்கினால் அதை மற்றவர்களின் முழக்கம் மூடிவிடும். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஆள், மறைந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது. நாலு பேர் வாசிப்பதைப் பதிவது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றுவதும், பதிவு செய்பவர்கள் அதையே கடினமானது என்று சொல்வதும் இந்த ஒரு காரணத்தால்தான்.

மின்சாரம் இல்லாத காலத்து ஒலிப்பதிவில் இந்த நால்வரும் ஒரு பெரிய தகரப் புனலின் வாய்க்கு எதிரே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மரப்பெட்டி வயலினின் ஒலி போதாதென்று, பெட்டிக்குப் பதிலாக உலோகக் குழல் பொருத்திய ஒரு விசித்திர வயலினைக் கையில் கொடுத்ததும் உண்டு. 1925-இல் மைக் வந்தது, புனல் போயிற்று. ஆயினும் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ நாலரை நிமிஷத்துக்குமேல் கொள்ளாது என்பதால், மனமுருக வாசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முடிந்து, நடுவில் எழுந்து திருப்பிப் போடவேண்டியிருந்தது. 1948-இல் நீண்டநேரத் தட்டு வந்த பிறகே அறை இசைப் படைப்பின் நீண்ட அங்கம் ஒன்றை இடையறாமல் கேட்கும் பாக்கியம் வீட்டிலிருந்தவர்களுக்குக் கிடைத்தது.

நம் விஷயம் தொடங்குவது 1972-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி, டோக்கியோ நகரத்தில். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஸ்மெட்டனா நால்வர் குழுவினர் அன்று தொடங்கி மூன்று நாட்கள், மோஸார்ட் ஹைடனுக்குச் சமர்ப்பித்த ஆறில் இரண்டை, மோஸார்ட்டின் படைப்புகளைப் பட்டியலிடும் கெக்கல் வரிசையில் 421, 458 என்ற எண்களைப் பெற்றவற்றை, ஒரு கூடத்தில் அமர்ந்து வாசித்தார்கள். அவர்கள் எதிரே இருந்த மைக்குகளிலிருந்து சென்ற கம்பிகள் வழக்கமான நாடா இயந்திரத்துக்குப் போகவில்லை. டெனான் நிறுவனம் உருவாக்கிய, ஒலியலையை விநாடிக்கு 47,250 தடவை அளந்து அந்த அளவுகளை எண்களாக எழுதிவைக்கும் ஒரு புதிய யந்திரத்துக்குப் போயின. ஒளிபரப்பு நிலையங்களில் வீடியோ பதியும் கனமான நாடாவின்மேல் அந்த எண்கள் எழுதப்பட்டன. ஒவ்வோர் அளவும் 13 பிட், அதாவது 8,192 படிகள் கொண்ட ஓர் அளவுகோல். இன்று ஒரு சாதாரணக் கைப்பேசியும் அதைவிட நுட்பமாகப் பதிந்துவிடும். எண்களாகப் பதியும் கலையை வணிகரீதியில் கையாள முனைந்தவர்கள், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கத்தைக் காட்டிப் பிரமிக்கவைக்க எண்ணாமல், இந்தப் புது யந்திரத்தின் முதற்காரியமாக ஒரு நால்வர் குழுவின் மெல்லொலியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. ஸ்மெட்டனா குழுவினர் ஏடு வைத்துக்கொள்ளாமல் மனப்பாடமாக வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள். பக்கம் புரட்டும் சரசரப்பு என்ற தொல்லை ஒன்று இயல்பாகவே நீங்கிவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. அந்த ஏற்றத்தாழ்வை விநாடிக்கு எத்தனை தடவை அளக்கிறோம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு தடவையும் அளக்கும் கோலில் எத்தனை கோடுகள் கீறியிருக்கின்றன என்பது இன்னொரு கணக்கு. 1982-இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கில் விநாடிக்கு 44,100 அளவுகள், கோலில் 65,536 கோடுகள். இந்தக் கோலுக்கு 16 பிட் என்று பெயர். ஹை-ரெசல்யூஷன் என்று சொல்லும்போது அளவுகள் 96,000 அல்லது 192,000 ஆகவும், கோடுகள் 24 பிட் கணக்கில் 1,67,77,216 ஆகவும் உயர்கின்றன. இரண்டு தடங்களில் 24 பிட், 192,000 என்ற கணக்கில் பதிந்தால் ஒரு மணி நேர வாசிப்பு நாலு ஜிகாபைட்டுக்குச் சற்று மேலே இடம் கேட்கும். அதே வாசிப்பு காம்பாக்ட் டிஸ்க்கின் கணக்கில் 635 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடுவது நல்லது. அளவுக்கும் அளவுக்கும் நடுவில் இருந்த சங்கீதம் தொலைந்துபோகிறது, எஞ்சுவது படிக்கட்டு போன்ற ஒரு முரட்டு வடிவம், அளவுகள் கூடக்கூடப் படிகள் சிறுத்து வளைவு வழவழப்பாகிறது என்று பலரும் படம் போட்டு எழுதுகிறார்கள். கணிதம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைக் கொடுத்து, ‘இவை ஒரு வட்டத்தின்மேல் இருக்கின்றன’ என்று சொல்லிவிட்டால், அந்த வட்டத்தை ஒரு மயிரிழை பிசகாமல் வரைந்துவிடலாம். முப்பது புள்ளிகளைக் கொடுத்தால் இன்னும் உருண்டையான வட்டம் கிடைத்துவிடாது. அதைப்போலவே, ஓர் ஒலியில் இன்ன உச்ச அதிர்வுக்குமேல் எதுவும் இல்லை என்பது உறுதியானால், அந்த உச்சத்தின் இரு மடங்குக்குச் சற்று அதிகமான தடவை அளந்தாலே அலை முழுவதையும் மீட்டுவிடலாம். மனிதக் காதின் உச்சம், இளமையில், விநாடிக்கு 20,000 அதிர்வுகள். எனவே 44,100 என்பது கஞ்சத்தனத்தால் பிறந்த எண்ணன்று.

அப்படியானால் 24 பிட் எதற்கு? பதிபவருக்காக. கேட்பவருக்கு அதனால் கிடைப்பது சொற்பம். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ ஆறு டெசிபல் இடம் தருகிறது. 16 பிட்டில் 96 டெசிபல். அமைதியான கூடத்தின் மௌனத்துக்கும் நால்வர் குழு உச்சஸ்தாயியில் ஓங்கி வாசிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் இதற்குள் அடங்கிவிடக்கூடியதே. ஆனால் பதிவு செய்பவர் எதிர்காலத்தை அறியமாட்டார். செல்லோக்காரர் ஒத்திகையில் வாசித்ததைவிட நிஜமான வாசிப்பில் உணர்ச்சிவசப்பட்டு வில்லை இரு மடங்கு அழுத்திவிட்டால், அலையின் சிகரம் அளவுகோலின் உச்சியைத் தாண்டி வெட்டுப்பட்டு, அந்த அருமையான இடம் மீளாமல் கெட்டுவிடும். அதற்கு அஞ்சி முன்கூட்டியே ஒலியளவைத் தாழ்த்தி வைத்தால், பழைய கோலில் மெல்லிய பகுதிகள் அடிக்கோடுகளுக்கு அருகே ஒட்டிக்கொண்டுவிடும். 24 பிட்டில் இந்தத் தர்மசங்கடம் இல்லை. தலைக்குமேல் தாராளமாக இடம் விட்டுவைத்தாலும் காலடியில் குறைவு வராது. உலகத்தில் உள்ள மிகச் சிறந்த யந்திரங்களும் அந்தக் கோலின் அடிப்பகுதிக் கோடுகளை உண்மையில் எட்டுவதில்லை. மின்சாரச் சுற்றுகளுக்கே உரிய இரைச்சல் அவற்றை மூடிவிடுகிறது. ஆனாலும் இந்தத் தாராளம் வாசிப்பவர்களுக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது: ‘கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவேண்டியதில்லை.

காம்பாக்ட் டிஸ்க்குக்கு மேற்பட்ட நுட்பம் காதுக்குத் தெரிகிறதா என்ற விவாதம் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர் நுட்பப் பதிவையும் அதையே 16 பிட், 44,100 என்ற வாயிலின் வழியே குறுக்கி அனுப்பியதையும் மாற்றி மாற்றிக் கேட்கச்செய்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரியாக வந்தன. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 2016-இல் லண்டனைச் சேர்ந்த ரைஸ் என்ற ஆய்வாளர் 18 சோதனைகளின் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முயற்சிகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, சரியான விடைகள் நூற்றுக்கு 52-ஐச் சற்றே தாண்டின. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே வந்தது. ஏதோ இருக்கிறது, ஆனால் அது ஒரு நூலிழை. இந்த நூலிழைக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களை நான் பரிகாசம் செய்யமாட்டேன். ஆனால் அதே பணத்தில் ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை வாங்கிப் போட்டால், வித்தியாசம் நூலிழை அளவில் நிற்காது.

திரை என்றதும் ஸபைன் என்ற பேராசிரியரின் நினைவு வருகிறது. 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், பேசுபவரின் ஒரு சொல் ஐந்தரை விநாடி சுவர்களுக்குள் அலைந்து திரிந்து, அடுத்து வந்த பத்துச் சொற்களோடு கலந்து, எவருக்கும் எதுவும் விளங்காமற் போயிற்று. இதைச் சரிசெய்யும் பொறுப்பை இருபத்தேழு வயதே ஆன ஸபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து நாடகக் கொட்டகையின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களைக் கொண்டு சுமந்து வரச்செய்து, ஊர் உறங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும்வரை எத்தனை விநாடி ஆகிறதென்று கணக்கிட்டார். பிறகு சில மெத்தைகளைச் சேர்த்து மறுபடி ஊதினார். விடிவதற்குள் மெத்தைகளையெல்லாம் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்படிப் பல இரவுகள். கூடத்தின் கன அளவு பெரிதானால் ஒலி நீடிக்கிறது, உறிஞ்சும் பொருள் கூடினால் ஒலி சுருங்குகிறது, மனித உடலும் உறிஞ்சும் பொருள்களில் ஒன்று என்று அவர் கண்டறிந்த விதியே கட்டிட ஒலியியலின் ஆதாரம்.

அறை இசைக்கு இந்த நீடிப்பு ஏறத்தாழ ஒன்றரை விநாடி இருந்தால் இதம். அதைவிடக் குறைந்தால் வயலின் உலர்ந்து, வில்லின் உராய்வு மட்டும் எலும்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும். மிகுந்தால், மோஸார்ட் நான்கு குரல்களாகப் பிரித்து எழுதியது ஒரே குழம்பாகிவிடும். பதிவோ காலிக் கூடத்தில் நடக்கிறது. உறிஞ்சிக்கொள்ள ஐந்நூறு உடல்கள் இல்லை. ஆகவே கச்சேரிக்குப் பொருத்தமான கூடம் பதிவுக்குச் சற்று அதிகமாகவே முழங்கும். போர்வைகளையும் திரைகளையும் கொண்டுவந்து நாற்காலிகளின்மேல் போர்த்திவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஸபைனுடைய மெத்தைகளையே சுமக்கிறார்கள்.

ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரா மலைத்தொடரின்மேல் ஷோ-தெ-ஃபோன் என்று ஓர் ஊர். கடிகாரம் செய்வதே அங்குள்ளவர்களின் குலத்தொழில். 1955-இல் அங்கே கட்டிய சங்கீத மண்டபத்தின் உட்சுவர்கள் வால்நட் மரப்பலகைகளால் ஆனவை. அந்த மரத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் கனிவுக்காகவே, ஃபிலிப்ஸ் நிறுவனத்தார் ‘போஸார்’ மூவர் குழுவின் பியானோவையும் வயலினையும் செல்லோவையும் பதிவதற்கு அந்த மலைக்கு ஏறிப் போனார்கள். இதற்கு நேர்மாறான கதை லண்டன் கிங்ஸ்வே மண்டபத்துடையது. ஒலி அவ்வளவு அழகாக அமைந்த இடம் ஐரோப்பாவிலேயே சிலவே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடியில் நிலத்தடி ரயில் ஓடிற்று. அங்கே பதிவான புகழ்பெற்ற தட்டுகள் பலவற்றில், இசை தணிந்து மெலியும் இடத்தில், தூரத்து இடிபோல் ஒரு குமுறல் எழுந்து அடங்குகிறது. உபகரணம் நுட்பமாக ஆக ஆக ரயிலும் தெளிவாகக் கேட்டது என்பதுதான் வேடிக்கை. 1998-இல் அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். இசை கேட்டுப் பழகியவர்கள் அந்த ரயிலைக்கூட இப்போது பிரியத்தோடு நினைத்துக்கொள்கிறார்கள்.

அறை கிடைத்துவிட்டால் அடுத்தது மைக்கின் ஸ்தானம். ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல், பின்னாளில் தம் மனைவியான பெண்ணுடன் சினிமா பார்க்கப் போயிருந்தபோது, திரையின் ஓர் ஓரத்தில் நடந்துபோகும் நடிகரின் குரல் மாத்திரம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். அந்த வருஷமே அவர் எழுதிக்கொடுத்த உரிமைப் பத்திரத்தில் ஸ்டீரியோ என்று நாம் இன்று சொல்வதன் சாரம் முழுவதும் இருக்கிறது. முன்னும் பின்னும் சமமாகக் கேட்டு, இரு பக்கங்களிலும் செவிடாக இருக்கும் இரண்டு மைக்குகளை, ஒன்றின் தலைமேல் ஒன்றாக, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி வைப்பது அவருடைய யுக்தி. இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதால் ஒலி வந்துசேரும் காலத்தில் பேதமில்லை. வன்மையில் மாத்திரமே பேதம். அதிலிருந்தே காது இடமும் வலமும் பிரித்துக்கொள்கிறது. பின்பக்கமும் திறந்திருப்பதால் கூடத்தின் எதிரொலியும் உள்ளே வந்துவிடுகிறது. 128 உரிமைப் பத்திரங்களுக்குச் சொந்தக்காரரான அந்த மனிதர், 1942-இல் ரேடார் சோதனைக்காகச் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதில் முப்பத்தெட்டாவது வயதில் இறந்துபோனார்.

ப்ளம்லைனுடைய இந்தக் குறுக்கு மைக்குகளை விடாப்பிடியாகக் கைக்கொண்டவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்து, அமெரிக்காவில் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். 1992-இல் கலிபோர்னியாவின் ஸாண்டா பார்பரா நகரத்தில் ஒரு சிற்றாலயத்தில், மோகன வீணை வித்வான் விசுவ மோகன் பட்டையும் கிடார் வித்வான் ரை கூடரையும் அமரவைத்து அவர் செய்த பதிவு, ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற பெயரில் வெளிவந்து கிராமி விருது பெற்றது. அது ஐரோப்பிய அறை இசை அன்று. ஆனாலும் சில வாத்தியங்கள், ஓர் அறை, முன்னேற்பாடில்லாத ஒரு பேச்சுவார்த்தை என்ற அளவில் அதற்கு நெருங்கிய உறவு. அந்தப் பதிவில் எண் என்பதே கிடையாது: வால்வு மின்சுற்றுகள், பழைய பாணிக் காந்த நாடா, அவ்வளவே. ஆனாலும் அந்தக் கோயிலின் காற்று அதில் இருக்கிறது.

எல்லோரும் ப்ளம்லைன் வழியில் போவதில்லை. எல்லாத் திசைகளிலும் கேட்கும் மைக் இரண்டை ஒரு முழ இடைவெளியில் நிறுத்துபவர்கள் மிகப் பலர். இவ்வகை மைக்குக்குத்தான் செல்லோவின் அடித்தந்தி முழு உடம்போடு வசப்படுகிறது. உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர்; வாத்தியங்களிலிருந்து தூரமும் கிட்டத்தட்ட அதே அளவு. வயலின் விளக்கைப்போல் எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசுவதில்லை. அதன் தாழ்ந்த ஸ்வரங்கள் நாலா புறமும் பரவ, உச்ச ஸ்வரங்கள் மேல்பலகையிலிருந்து குறிப்பிட்ட திசைகளில் கற்றை கற்றையாகப் புறப்படுகின்றன. வாசிப்பவர் உணர்ச்சியில் உடம்பைத் திருப்பும்போது அந்தக் கற்றைகளும் கூடவே திரும்புகின்றன. மைக் மிக அருகில் இருந்தால் ஒவ்வோர் அசைவும் நிறமாற்றமாக விழும். தள்ளிப்போனால் கூடத்தின் ஒலி வாத்தியத்தை மூடும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு கை அகலமே உள்ள ஓரிடத்தில், நால்வரும் நால்வராகவும் ஒருவராகவும் ஒருங்கே கேட்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலை முழுவதும் செலவானாலும் அனுபவசாலிகள் வருந்துவதில்லை. நார்வேயில் ‘2எல்’ என்ற நிறுவனத்தை நடத்தும் மார்ட்டன் லிண்ட்பெர்க் இன்னும் ஒரு படி மேலே போய், தேவாலயத்தின் நடுவில் மைக்குகளை ஒரு மரம்போல் நிறுத்தி, வாசிப்பவர்களை அதைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்துவிடுகிறார். யாராவது ஓங்கிக் கேட்டால் யந்திரத்தில் கைவைக்காமல் அவருடைய நாற்காலியைத் தள்ளிப் போடுகிறார். விநாடிக்கு 352,800 அளவுகள் என்ற கணக்கில் பதிபவர் அவர். ஆனாலும் அவருடைய பதிவுகளின் அழகில் பெரும்பங்கு அந்த நாற்காலிகளுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.

பதிவு நடக்கும் நாளில் கூடத்தில் இருக்கும் விசித்திரமான அமைதி, வெளியாருக்கு ஒரு வீட்டில் யாரோ கவலைக்கிடமாக இருப்பதுபோல் தோன்றும். காற்றோட்ட யந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். மேடை விளக்குகள் ரீங்கரிப்பதால் அவற்றையும் அணைத்துவிட்டு, ஏட்டுப் பலகையின்மேல் சின்ன விளக்கு ஒன்றை மாத்திரம் எரியவிடுவார்கள். யந்திரம் நின்றால் கூடம் மெல்ல மெல்லக் குளிரும் அல்லது வேகும். அதற்கேற்பத் தந்திகளின் ஸ்ருதி நகரும். காலையில் வாசித்ததையும் மாலையில் வாசித்ததையும் ஒட்டமுடியாமற் போகும். ஆகவே மணிக்கு ஒருமுறை காற்றை விடுவதும், நிறுத்துவதும், ஸ்ருதியைச் சரிபார்ப்பதும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். கைக்கடிகாரங்கள் கழன்றுவிடும். உரசினால் சரசரக்கும் சட்டைகளுக்கு அநுமதியில்லை. நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு. இவ்வளவும் செய்தபிறகு, அதிமந்தமான ஓரிடத்தில், வியோலாக்காரரின் வயிறு இரையும். அதற்கு என்ன செய்வது? மதிய உணவை முன்கூட்டி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியை எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை.

பக்கத்து அறையில் தயாரிப்பாளர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முழு அங்கத்தையும் இரண்டு மூன்று தடவை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்வது நல்ல தயாரிப்பாளரின் லக்ஷணம். அப்போதுதான் படைப்பின் முதுகெலும்பு கிடைக்கிறது. பிறகு பிசகிய இடங்களை மாத்திரம் மறுபடி எடுப்பார்கள். ஏட்டின்மேல் பென்சில் குறிகள் நெருங்குகின்றன: நாலாவது டேக்கில் முப்பத்திரண்டாம் தாளவட்டம் சுத்தம்; ஐந்தாவதில் இரண்டாம் வயலின் தாழ்வு; ஆறாவதில் வெளியே ஒரு பறவை. நாடாக் காலத்தில் இந்தத் துண்டுகளைச் சவர அலகினால் சாய்வாக வெட்டிப் பசைநாடா கொண்டு ஒட்டினார்கள். இன்று கணிப்பொறித் திரையில் ஒரு துண்டு தேய்ந்து மறைய மற்றது வளர்ந்து எழும்படி, ஒரு விநாடியில் நூறிலொரு பங்குக்குள் இணைத்துவிடலாம். இந்த வசதி ஓர் அபாயமும் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் குற்றமற்றதாக, ஆனால் நாலு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசித்ததற்கு அடையாளமே இல்லாததாக, ஒட்டுப்போட்ட பதிவுகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் முதலில் வெட்டி எறியப்படுவது அந்த முதல் வயலின்காரரின் மூச்சு. எனக்கு அது, தம்புராவின் மீட்டலைக் கழித்துவிட்டுப் பாட்டை மாத்திரம் தருவதுபோல் இருக்கிறது.

எல்லாம் முடிந்து, வில்களின் மயிரைத் தளர்த்தி வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கலாம் என்று எண்ணும்போது, பக்கத்து அறையின் ஒலிபெருக்கி இன்னும் ஒரு டேக் வேண்டும் என்கிறது. அங்கத்துக்கும் அங்கத்துக்கும் நடுவில் வரும் இடைவெளியில் ஒன்றுமே இல்லாத சூனியத்தை வைத்தால் அறையே இடிந்து விழுந்தாற்போல் காது திடுக்கிடும். ஆகவே யாரும் எதுவும் வாசிக்காத அந்தக் கூடத்தின் மௌனத்தையும் பதிந்து எடுத்துக்கொள்ளவேண்டும். சிவப்பு விளக்கு எரிகிறது. நால்வரும் வில்லை மடியின்மேல் கிடத்திக்கொண்டு, மூச்சையும் மெல்ல விட்டுக்கொண்டு, ஏட்டில் எழுதப்படாத ஒரு நிமிஷத்தை அசையாமல் உட்கார்ந்து முடிக்கிறார்கள். விளக்கு அணைந்த பிறகும் சிறிது நேரம் யாரும் எழுந்திருப்பதில்லை.